தரையில் கற்றது வானத்தில் காக்கும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பரிசளிப்பு விழாவுக்குப் பேச வருகிறவர்கள் வழக்கமாக மூன்று விஷயம் சொல்வார்கள். நன்றாகப் படியுங்கள், பெற்றோரை மதியுங்கள், தமிழை மறவாதீர்கள். மூன்றும் பொன்னான வார்த்தைகள். ஆனால் வருடா வருடம் கேட்டு உங்களுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும். அதனால் நான் இன்று வேறு ஒன்றைப் பற்றிப் பேசப் போகிறேன். பறக்கிற விமானத்திலிருந்து கீழே குதிப்பது எப்படி என்று சொல்லித் தரப் போகிறேன்.

சிரிக்க வேண்டாம். உங்களில் சிலர் இன்னும் கொஞ்ச நாளில் குதிக்கத்தான் போகிறீர்கள். யார், எங்கே என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

விமானத்திலிருந்து குதிப்பவனைத் தாங்கி இறக்கும் பெரிய துணிக் குடையைப் பாராசூட் என்கிறோம். அழகான தமிழில் வான்குடை. ஜெஞ்சாரோமில் இருக்கும் நமக்கும் வான்குடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. பந்திங்கைத் தாண்டிப் போனால் மோரிப் கடற்கரை. லீவு நாளில் நாசிலெமாக் பொட்டலம் கட்டிக்கொண்டு போய் விளையாடிவிட்டு வருகிறோமே, அதே மோரிப்தான். ஜப்பானியர் சரணடைந்த பிறகு, 1945 செப்டம்பர் 9ஆம் தேதி, பிரிட்டிஷ் இந்தியப் படைகள் அந்தக் கரையில்தான் வந்து இறங்கின. கரையின் சேற்றில் வண்டிகள் புதைந்து நின்றன. அதே மாதத்தில் பிரிட்டிஷ் இராணுவத்தின் 5ஆவது வான்குடைப் படைப்பிரிவும் அங்கே வந்தது. வானத்திலிருந்து குதிக்கப் பழகிய அந்த வீரர்கள், கப்பலில் வந்து நம் மோரிப் கரையில் கால் நனைத்தார்கள்.

பிறகு அவசரகாலம் வந்தது. அந்தக் காலத்தில் உருவான புதுக்கிராமங்களில் நம் ஜெஞ்சாரோமும் ஒன்று என்பதை உங்கள் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்போது, 1952ஆம் ஆண்டு, பேராவின் வடக்கே பெலும் காட்டுக்குள் பிரிட்டிஷ் சிறப்புப் படை வீரர்கள் வான்குடையில் குதித்தார்கள். காட்டில் இறங்க வெட்டவெளி ஏது? மரங்களின் மேலேயே குதித்தார்கள். குடை உச்சிக் கிளையில் மாட்டிக்கொள்ள, உடம்பில் சுற்றி வைத்திருந்த நீளக் கயிற்றைக் கிளையில் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு தரைக்கு இறங்கினார்கள். பின்னர் அந்த முறையில் கை கால் முறிந்தவர்கள் உண்டு. உயிரை விட்டவர்களும் உண்டு.

இன்று நம் நாட்டுக்கே சொந்த வான்குடைப் படை இருக்கிறது. மலாக்காவில் உள்ள சுங்கை ஊடாங் முகாமில் சிறப்புப் போர்ப் பயிற்சி மையம் 1976ஆம் ஆண்டு அமைந்தது. 1994 அக்டோபர் 10ஆம் தேதி மலேசிய இராணுவத்தின் 10ஆவது வான்குடைப் படைப்பிரிவு உருவானது. எல்லா இனத்தவரும் தோளோடு தோள் நிற்கும் அரச ரேஞ்சர் படையின் 8ஆவது அணியும் வான்குடை அணிதான்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்த மனிதர் இவர்களுக்கெல்லாம் முந்தியவர். அவர் பெயர் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். தமிழ் மண்ணில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரானவர். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941ஆம் ஆண்டு, இந்தியாவில் முதன்முதலாக ஒரு வான்குடைப் படையை உருவாக்க முடிவு செய்தார்கள். டில்லியில் வில்லிங்டன் விமானத் திடலில் பயிற்சிக் கூடம் ஏற்பட்டது. 152ஆவது இந்திய வான்குடை அணிக்கு மருத்துவ அதிகாரியாக வந்தார், இருபதுகளில் இருந்த டாக்டர் ரங்கராஜ்.

அவருக்குக் கிடைத்த விமானம் எப்படிப்பட்டது தெரியுமா? வாலன்சியா என்ற பழைய விமானம். மேலே ஒரு சிறகு, கீழே ஒரு சிறகு, நடுவில் குச்சிகளும் கம்பிகளும். அந்த விமானத்திலிருந்து இந்தியர்களில் முதன்முதலாகக் குதித்தவர்கள் இருவர். ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். மற்றவர் நம் டாக்டர் ரங்கராஜ்.

ஒரு டாக்டர் ஏன் குதிக்க வேண்டும்? 'நீங்கள் குதியுங்கள், அடிபட்டால் வாருங்கள், மருந்து போடுகிறேன்' என்று கூடாரத்தில் உட்கார்ந்திருந்தால் ஆகாதா? ஆகாது. வான்குடை வீரர்கள் இறங்குகிற இடம் எதிரியின் பின்பக்கம். அங்கே ஆம்புலன்ஸ் போகாது, சாலை இருக்காது. அவர்கள் போகும் இடத்துக்கு டாக்டரும் போகவேண்டுமானால் அவர்கள் போகும் வழியிலேயே போகவேண்டும். அதனால் குதித்தார்.

சரி, இப்போது பயிற்சிக்கு வருவோம். நீங்களே அந்த இளம் வீரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது இருபது. தலைமுடியை ஒட்ட வெட்டியாகிவிட்டது. காலில் கனத்த பூட்ஸ். முதல் நாள் காலையில் பயிற்சித் திடலில் வந்து நிற்கிறீர்கள். மனசுக்குள் விமானமும் மேகமும் ஓடுகின்றன. ஆனால் பயிற்சியாளர் உங்களை விமானத்தின் பக்கமே கூட்டிப் போகவில்லை. ஒரு மேடையைக் காட்டுகிறார். திண்ணையைவிடக் கொஞ்சம்தான் உயரம்.

"இதிலிருந்து குதி" என்கிறார்.

"இவ்வளவுதானா ஐயா?"

"குதிப்பா."

குதிக்கிறீர்கள். "தப்பு. மறுபடியும்." திரும்பவும் குதிக்கிறீர்கள். "முழங்கால் விலகுது. மறுபடியும்." அன்று முழுவதும் இதுதான். மறுநாளும் இதுதான். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அப்படி. ராத்திரி படுத்தால் இடுப்பு விண் விண் என்று தெறிக்கும்.

எதற்காக இந்தப் பாடு? வான்குடை விரிந்துவிட்டால் பூப்போல வந்து இறங்கலாம் என்று நாம் நினைக்கிறோம். அப்படியல்ல. இராணுவக் குடையில் வருகிறவன் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 20 அடி வேகத்தில் தரைக்கு வருகிறான். ஆறேழு அடி உயரச் சுவரிலிருந்து குதித்தால் எவ்வளவு அடி விழுமோ அவ்வளவு. முதுகில் மூட்டை, கையில் ஆயுதம் வேறு. காலை விறைப்பாக ஊன்றினால் எலும்பு முறியும். அதனால் விழுவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். இரண்டு பாதமும் இரண்டு முழங்காலும் ஒட்டியிருக்க வேண்டும். மோவாய் மார்பில் படிய வேண்டும். முழங்கை உடம்போடு ஒட்ட வேண்டும். பாதம் பட்டவுடன் உடம்பைச் சாய்த்து, கெண்டைக்கால், தொடை, பிட்டம், முதுகின் பக்கவாட்டு என்று வரிசையாகத் தரையில் படும்படி உருள வேண்டும். விழுகிற வேகத்தை ஒரே எலும்பு வாங்காமல் உடம்பு முழுவதும் பங்கு போட்டுக்கொள்கிறது.

இன்னொரு கட்டளை உண்டு. தரை நெருங்கும்போது கீழே பார்க்கக் கூடாது. தூரத்து அடிவானத்தைப் பார்க்க வேண்டும். ஏன்? கீழே பார்த்தால், 'இதோ வந்துவிட்டது' என்று கால் தானாகவே தரையைத் தேடி நீளும். ஒரு கால் முன்னால் போகும், ஒரு கால் பின்னால் இருக்கும். அந்த ஒரு கால்தான் முறியும். வரப்போகிற தரை வந்தே தீரும். நாம் ஏன் அதைத் தேடிப் போக வேண்டும்? நாம் தயாராக இருந்தால் போதும்.

மேடைக்குப் பிறகு கோபுரம். அமெரிக்க இராணுவத்தில் பயிற்சிக் கோபுரத்தின் உயரம் 34 அடி. உயரத்தில் இருந்து பார்ப்பவனுக்கு அந்த அளவுதான் அதிகப் பயத்தைக் கொடுக்கும் என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். ஆயிரம் அடி உயரத்தில் தரை ஏதோ படம் போலத் தெரியும். 34 அடியிலோ கீழே நிற்கும் ஆளின் முகம் தெரியும், கல் தெரியும், விழுந்தால் எங்கே அடிபடும் என்பதும் தெரியும். விமானத்தில் கலங்காதவன்கூட இங்கே கலங்குவான். கம்பியில் தொங்கவிட்டிருக்கும் வாரைக் கட்டிக்கொண்டு அங்கிருந்து குதிக்க வேண்டும். அங்கேயும் 'மறுபடியும்' தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வான்குடைப் படைக்கு யாரையும் கட்டாயப்படுத்தி அனுப்புவதில்லை என்பது போர்க்காலத்துப் பிரிட்டிஷ் படையின் முறை. விரும்பி வந்தவன் மட்டும்தான். பயிற்சியின்போது 'என்னால் முடியவில்லை' என்று சொன்னால் அவனை யாரும் தண்டிக்க மாட்டார்கள். வந்த படைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் பயிற்சி முடித்துச் சிறகுச் சின்னத்தை வாங்கிக் குத்திக்கொண்ட பிறகு மறுத்தால் அது குற்றம். சிறகு வாங்கியவன், 'என்னை நம்பலாம்' என்று மற்றவர்களுக்கு வாக்குக் கொடுத்தவன் ஆகிறான்.

பயிற்சி முடிந்து விமானத்தில் ஏறும் நாள் வருகிறது. முதுகில் பெரிய குடை. மார்பில் ஆபத்துக்கு உதவச் சின்னக் குடை. விமானத்துக்குள் எதிரெதிர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறீர்கள். இரைச்சலில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. சிலர் சாமி கும்பிடுகிறார்கள். சிலர் சும்மா சிரிக்கிறார்கள். எல்லார் உள்ளங்கையும் வியர்த்திருக்கிறது.

எழுந்து நிற்கச் சொல்கிறார்கள். விமானத்தின் உள்ளே நீளமாக ஒரு கம்பி ஓடுகிறது. உங்கள் குடையிலிருந்து வரும் வாரின் கொக்கியை அந்தக் கம்பியில் மாட்டுகிறீர்கள். நீங்கள் வெளியே விழுந்தவுடன் அந்த வார் இழுபட்டுக் குடையைத் தானாக விரிக்கும். குடையை விரிப்பது உங்கள் வேலை அல்ல. ஒழுங்காக வெளியேறுவதும் ஒழுங்காக இறங்குவதும்தான் உங்கள் வேலை.

அடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒவ்வொருவரும் தன் முன்னால் நிற்பவனின் முதுகைச் சோதிக்கிறார்கள். கட்டு சரியாக இருக்கிறதா, வார் சிக்கியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார்கள். எவனுக்கும் தன் முதுகு தனக்குத் தெரியாது. பின்னால் நிற்பவன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அவன் மலாயோ, தமிழனோ, சீனனோ, டாயாக்கோ, அந்த நேரத்தில் உங்கள் உயிர் அவன் விரல் நுனியில் இருக்கிறது. அவனுக்குப் பின்னால் நிற்பவன் விரலில் அவன் உயிர் இருக்கிறது.

கதவு திறந்திருக்கிறது. சிவப்பு விளக்கு. காற்று முகத்தில் அறைகிறது. பச்சை விளக்கு எரிந்தவுடன் வரிசை நகர்கிறது. யோசிக்க நேரமே இல்லை. அந்தத் திண்ணை மேடையில் நூறு தடவை செய்ததைக் கால் தானாகச் செய்கிறது. வெளியே போய்விட்டீர்கள்! விமானத்தின் காற்று உங்களைத் தூக்கிச் சுழற்றுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறீர்கள். தோளைப் பிடித்து யாரோ மேலே இழுத்தது போல ஒரு குலுக்கல். அண்ணாந்து பார்த்தால் குடை வட்டமாக விரிந்திருக்கிறது.

அதன் பிறகு அமைதி. அவ்வளவு இரைச்சலுக்குப் பிறகு அப்படி ஓர் அமைதி. விமானம் எங்கோ போய்விட்டது. காற்றில் கயிறு அசையும் சத்தம் மட்டும் கேட்கிறது.

கணக்கு ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றால் ஒரு கணக்கு. 1,000 அடி உயரத்திலிருந்து வினாடிக்கு 20 அடி வீதம் இறங்கினால் எத்தனை வினாடி? சரியாகச் சொன்னீர்கள், 50 வினாடி. ஒரு நிமிஷம்கூட இல்லை. குடையே இல்லாமல் விழுந்தால் பத்து வினாடிக்குள் தரை வந்துவிடும். அந்த 50 வினாடிக்காகத்தான் வாரக்கணக்கில் அந்த மேடை, அந்தக் கோபுரம், அந்த 'மறுபடியும்'. வானத்தில் இருக்கும்போது யாரும் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது. தரையில் கற்றது மட்டும்தான் அங்கே கைகொடுக்கும்.

ஒரு குதிப்போடு சிறகு கொடுத்துவிடுவார்களா? இல்லை. இந்தியாவில் ஆக்ராவில் உள்ள வான்குடைப் பயிற்சிப் பள்ளியில் ஐந்து முறை குதிக்க வேண்டும். அதில் ஒன்று இருட்டில். பழைய வீரர்களைக் கேட்டால் ஒரு வேடிக்கையான விஷயம் சொல்வார்கள். முதல் குதிப்பைவிட இரண்டாவதுதான் கஷ்டம் என்பார்கள். முதல் முறை என்ன நடக்கும் என்று தெரியாது, போய்விடுவான். இரண்டாவது முறை எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே கதவருகே நிற்க வேண்டும். இந்த இரண்டாவது குதிப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்கு வருவேன்.

மாணவிகள் 'இது ஆம்பளைங்க விஷயம்' என்று நினைத்துவிடக் கூடாது. 1959ஆம் ஆண்டு இந்திய விமானப்படையின் டாக்டர் கீதா சந்தா, வான்குடையில் குதித்த முதல் இந்தியப் பெண் என்ற பெயரைப் பெற்றார். அதற்கு முன்பே, உலகப் போரின்போது இங்கிலாந்தின் ரிங்வே பயிற்சிக் கூடத்தில் வீரர்களின் குடைகளை மடித்துக் கட்டியவர்கள் பெண்கள். குடையை மடிப்பது புடவை மடிப்பது போன்ற சாதாரண வேலை அல்ல. ஒரு கயிறு முறுக்கிக்கொண்டால் ஓர் ஆள் போய்விடுவான். நீ மடிக்கும் ஒவ்வொரு குடையிலும் ஓர் உயிர் இருக்கிறது என்பதை அவர்களுக்கு நினைவுபடுத்தும் வாசகம் அந்தக் கூடத்தில் எழுதி வைத்திருந்தது. அமெரிக்கப் படையில் குடை மடிப்பவர்களும் குதிக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். தான் மடித்த குடையோடு குதி என்று சொன்னால் குதிக்க வேண்டும். எவ்வளவு நியாயமான விதி பாருங்கள்!

இன்னொரு சம்பவம். 1944ஆம் ஆண்டு பர்மாப் போர்முனையில் ஜெனரல் ஸ்லிம்மின் படைக்கு உணவும் மருந்தும் விமானத்திலிருந்துதான் போட வேண்டியிருந்தது. ஆனால் போடுவதற்குத் தேவையான பட்டுக் குடைகள் கிடைக்கவில்லை. 'இல்லை' என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. கல்கத்தாவில் சணல் ஆலைகள் இருந்தன. சணலிலேயே குடை செய்தார்கள்! சாதாரணக் குடைக்கு 20 பவுனுக்கு மேல் செலவு. சணல் குடைக்கு ஒரு பவுனுக்குச் சற்று அதிகம். ஆட்களை இறக்க அது உதவாது. ஆனால் அரிசி மூட்டையையும் மருந்துப் பெட்டியையும் பத்திரமாகக் கொண்டு சேர்த்தது. 'நம்ம பள்ளிக்கூடத்துல அது இல்ல, இது இல்ல' என்று சொல்பவர்கள் இந்தச் சணல் குடையை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது மறுபடியும் டாக்டர் ரங்கராஜுக்கு வருகிறேன். 1950 ஜூன் 25ஆம் தேதி கொரியாவில் போர் மூண்டது. சுதந்திர இந்தியா அங்கே போரிடப் படை அனுப்பவில்லை. காயம்பட்டவர்களைக் காப்பாற்ற மருத்துவப் படை ஒன்றை அனுப்பியது. 60ஆவது வான்குடை மருத்துவப் படை. மொத்தம் 346 பேர். தலைவர் லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ். 1950 நவம்பர் 20ஆம் தேதி பூசான் துறைமுகத்தில் இறங்கினார்கள். எலும்பை உறைய வைக்கும் குளிர். வடக்கே பியோங்யாங் போய்ச் சேர்ந்த சில நாளிலேயே பின்வாங்க வேண்டிய நிலைமை. மருத்துவக் கருவிகளை ஏற்றிப் போக வண்டி இல்லை. போட்டுவிட்டு வர ரங்கராஜுக்கு மனம் இல்லை. கருவி இல்லாத டாக்டர் போர்க்களத்தில் என்ன செய்வார்? கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பழைய நீராவி இரயில் எஞ்சினையும் சில பெட்டிகளையும் அவருடைய ஆட்கள் கண்டுபிடித்தார்கள். கொதிகலனுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து ஊற்றி, தாங்களே எஞ்சினை ஓட்டி, பாலம் தகர்க்கப்படும் முன்னே ஆற்றைக் கடந்து தெற்கே வந்து சேர்ந்தார்கள்.

1951 மார்ச் 23ஆம் தேதி கொரியாவில் முன்சான்னி என்ற இடத்தில் அமெரிக்காவின் 187ஆவது வான்குடைப் படை ஆயிரக்கணக்கில் குதித்தது. அவர்களோடு 12 இந்தியர்களும் குதித்தார்கள். முன்னின்றவர் ரங்கராஜ். கீழே இறங்கியவுடன் அறுவைக்கூடம் அமைத்து, குண்டடிபட்டவர்களுக்கு அங்கேயே அறுவைச் சிகிச்சை செய்தார்கள். 1941இல் அந்தப் பழைய விமானத்தில் கற்றது, பத்து ஆண்டு கழித்து அந்நிய மண்ணில் யார் யாருடைய பிள்ளைகளையோ காப்பாற்றியது.

மூன்று ஆண்டுகளுக்கு மேல் அந்தப் படை கொரியாவில் இருந்தது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தது. போர்வீரர் என்றும் ஊர்மக்கள் என்றும் பேதம் பார்க்கவில்லை. அவர்கள் அணிந்த தொப்பியின் நிறத்தை வைத்து 'அரக்குச் சிவப்புத் தேவதைகள்' என்று அவர்களை அழைத்தார்கள். ரங்கராஜுக்கு இந்திய அரசு மகாவீர் சக்கர விருது வழங்கியது. அவர் 2009ஆம் ஆண்டு மறைந்தார். அதற்குப் பிறகும் தென்கொரியா அவரை மறக்கவில்லை. 2020ஆம் ஆண்டு ஜூலை மாதத்துக்கான கொரியப் போர் வீரராக அவரைச் சிறப்பித்தது.

மாணவச் செல்வங்களே, எல்லாரும் படையில் சேருங்கள் என்று பிரசாரம் செய்ய நான் வரவில்லை. சேர விரும்பினால் மகிழ்ச்சி. அது வேறு விஷயம். இப்போது ஆரம்பத்தில் சொன்ன விடுகதைக்கு வருகிறேன். கொஞ்ச நாளில் குதிக்கப் போகிறவர்கள் யார்?

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே, நீங்கள்தான்.

ஆறு வருஷம் இந்தப் பள்ளியில் தமிழில் படித்தீர்கள். கணக்கைத் தமிழில் போட்டீர்கள். இங்கே உங்கள் அப்பா பெயர் ஆசிரியருக்குத் தெரியும், உங்கள் வீட்டு நாய் பெயர்கூடத் தெரியும். அடுத்து இடைநிலைப் பள்ளி. பெரிய கட்டடம். ஆயிரம் முகம். பெரும்பாலான பாடங்கள் மலாய் மொழியில். அறிவியல் வகுப்பில் ஆசிரியர் கேட்கும் கேள்விக்கு விடை உங்களுக்குத் தெரிந்திருக்கும், வாயில் வார்த்தை வராது. அதுதான் உங்கள் விமானக் கதவு.

முதல் நாள் எப்படியோ போய்விடும். புதுச் சட்டை, புதுப் பை என்ற சந்தோஷத்திலேயே போய்விடும். நான் பயப்படுவது இரண்டாவது வாரத்தைப் பற்றி. எழுந்து ஒரு வாக்கியம் தப்பாகச் சொல்லி, நாலு பேர் சிரித்த பிறகு, மறுநாள் மறுபடியும் கையைத் தூக்க வேண்டுமே, அதுதான் இரண்டாவது குதிப்பு. அங்கேதான் நம் பிள்ளைகளில் சிலர் நின்றுவிடுகிறார்கள். கடைசி வரிசைக்குப் போகிறார்கள். வாயை மூடிக்கொள்கிறார்கள். மூன்றாம் படிவம் வரும்போது வகுப்பில் இருப்பார்கள், ஆனால் இருக்க மாட்டார்கள். அப்புறம் ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் லோரியில் உதவியாளாகப் போய்விடுவார்கள். அவன் மக்கா? இல்லவே இல்லை. இந்த மேடையில் பரிசு வாங்கிய பிள்ளையாகக்கூட இருப்பான். கால் தரையைத் தேடியது, தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே பயம் வந்தால் வெட்கப்படாதீர்கள். விமானக் கதவில் நிற்கும் வீரனுக்கும் உள்ளங்கை வியர்க்கிறது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பதை நம் முன்னோர் வீரம் என்று சொன்னதில்லை. பயம் இருக்கும்போதே செய்ய வேண்டியதைச் செய்வதற்குத்தான் பயிற்சி. இன்றிலிருந்தே தினமும் ஒரு பக்கம் மலாயில் சத்தம் போட்டுப் படியுங்கள். தப்பு வந்தால் 'மறுபடியும்' என்று நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். தமிழை விட்டுவிடாதீர்கள். அது உங்கள் மார்பில் இருக்கும் சின்னக் குடை. எந்த நேரத்திலும் உதவும்.

ஆசிரியர்களே, குடையை மடித்துக் கட்டுகிறவர்கள் நீங்கள். ஒரு சின்ன விண்ணப்பம். ஆண்டு இறுதியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை அவர்கள் போகப்போகும் இடைநிலைப் பள்ளிக்கு ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள். சிற்றுண்டிச்சாலை எங்கே, நூலகம் எங்கே, அலுவலகம் எங்கே என்று அவர்கள் பார்க்கட்டும். முதல் படிவ அறிவியல், கணிதப் புத்தகத்தில் வரும் மலாய்ச் சொற்களில் தினமும் பத்தைப் பலகையில் எழுதிப் பழக்குங்கள். திண்ணை மேடைப் பயிற்சி இதுதான்.

இந்தப் பள்ளியில் படித்து இப்போது இடைநிலைப் பள்ளியில் இருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, நீங்களும் இங்கே நிற்பது தெரிகிறது. பின்னால் நிற்பவன் முன்னால் நிற்பவன் முதுகைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? ஆளுக்கு ஒரு தம்பி, ஆளுக்கு ஒரு தங்கை. முதல் மாதம் பள்ளிப் பேருந்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஓய்வு நேரத்தில் 'சாப்பிட்டியாடா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பாடத்தில் என்ன சிக்கல் என்று தடவிப் பாருங்கள். இதற்குக் காசு வேண்டாம், சங்கம் வேண்டாம், தீர்மானம் வேண்டாம்.

பெற்றோர்களே, உங்களுக்கும் பயம் இருக்கும். 'பொம்பளப் புள்ள, அவ்வளவு தூரம் போகணுமா?' 'எங்களுக்கு மலாய் எழுதப் படிக்கத் தெரியாதே, நாங்க என்னத்தச் சொல்லிக் கொடுக்கிறது?' என்று கேட்பீர்கள். கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா? பிள்ளையை அனுப்புங்கள். பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டாம். இரவில் புத்தகத்தைத் திறந்து வைத்து, 'இன்னைக்கு என்ன படிச்ச, எனக்குச் சொல்லு' என்று கேளுங்கள். புரிகிறதோ இல்லையோ, உட்கார்ந்து கேளுங்கள். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளை கையைத் தூக்கும்.

இன்று பரிசு வாங்கப் போகிறவர்களுக்கு என் பாராட்டு. பரிசு வாங்காதவர்களுக்கும் ஒரு வார்த்தை: டாக்டர் ரங்கராஜுக்கு விருது கொடுத்தது போர்க்களத்தில் அவர் செய்ததற்காக. டில்லித் திடலில் அவர் விழுந்து புரண்டு பழகிய நாட்களில் யாரும் அவருக்குக் கைதட்டவில்லை. அந்த நாட்கள் இல்லாமல் இந்த விருது இல்லை. உங்களுக்கு இப்போது நடப்பது அந்த நாட்கள்.

பாதம் ஒட்டியிருக்கட்டும். பார்வை தூரத்தில் இருக்கட்டும். முன்னால் நிற்பவன் முதுகில் உங்கள் கை இருக்கட்டும்.